எல்ஸ்மூண்டில் கை நனைத்த கதை

ஐரோப்பாவின் மலைப் பக்கத்துக் கோட்டைகள், தம்மைச் சுற்றிப் பார்க்க வருகிற எல்லோரையும் பெண் பார்க்க வந்தவர்கள் என்றே எடுத்துக்கொள்ளும். மடாலயங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவை துறவு பூண்டவை. அதனால் மடாலயத்தில் எப்படி வேண்டுமானாலும் வாயைத் திறக்கலாம், கோட்டையில் மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும்.

டூர் மேனேஜர் ஜெரால்டு கோயம்புத்தூர்க்காரன். மலையேறும்போதே பேருந்தில் மைக்கைப் பிடித்து இதைச் சொல்லிவிட்டான்.

"நல்லாப் பாருங்க, போட்டோ எடுங்க. கோட்டை காதுபட 'புடிச்சிருக்கு'ன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. கெளம்பறப்ப 'பாக்கலாமுங்க'ன்னு சொல்லிட்டு நடையைக் கட்டிரோணும். போன குரூப்புல ஒருத்தரு மாடிப்படி நல்லாருக்குன்னு சொல்லிப்போட்டாரு. அந்தப் படிக்கட்டு ஏர்போர்ட் வரைக்கும் வந்துருச்சுங்க. திருப்பி அனுப்பறதுக்குள்ள எனக்கு உசுரே போயிருச்சு."

எல்லோரும் தலையாட்டினார்கள். ருக்குமணி மட்டும் அதைக் காதில் வாங்கவில்லை. கட்டுச்சோற்றுக் கூடை வளைவுகளில் சாய்ந்துவிடாமல் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ருக்குமணிக்குக் கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. கணவன் போன பிறகு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். தோப்புக்கு நடுவே உள்ள அந்த ஓட்டு வீட்டில் அவளும் தம்பி வெள்ளியங்கிரியும்தான். தம்பிக்கு நாற்பது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. முயற்சி செய்யாமல் இல்லை. கோபி, சத்தி, அந்தியூர், பவானி என்று பெண் இருக்கிற வீட்டுக் கதவுகளையெல்லாம் ருக்குமணி தட்டிப் பார்த்துவிட்டாள். போன இடத்திலெல்லாம் வரவேற்புக்குக் குறைவில்லை. "மாப்பிள்ளைக்கு என்ன வேலைங்க?" என்று கேட்பார்கள். "தென்னந்தோப்புங்க" என்பாள். அப்புறம் ஒரு மௌனம் வரும். அந்த மௌனத்தின் நீள அகலம் அவளுக்கு அத்துப்படி. "சொல்லி அனுப்பறோமுங்க" என்பார்கள். யாரும் சொல்லி அனுப்பியதில்லை.

தனக்குப் பின்னால் இவன் தட்டைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவானே என்பதுதான் அவளுடைய ஒரே கவலை. வெள்ளியங்கிரி அதைப் பற்றிப் பேசமாட்டான். பொதுவாகவே பேசமாட்டான். மரங்களோடு ஏதோ முணுமுணுப்பான், அவ்வளவுதான். கொஞ்சம் ஊர் உலகம் பார்த்து மனசு தெளியட்டும் என்றுதான் இந்தப் பயணத்துக்கே அவள் அவனை இழுத்துக்கொண்டு வந்தாள்.

எல்ஸ்மூண்ட் கோட்டை ஒரு குன்றின் உச்சியில் இருந்தது. சாம்பல் நிறம், நான்கு கோபுரங்கள், சுற்றிலும் அகழி. வாசலில் டிக்கெட் கிழிக்கும் கிளாரா அம்மாள், கோட்டைக்கு வேறு நாதி இல்லாததால் சித்தி முறையும் ஆனவள். வருகிறவர்களை ஏற இறங்கப் பார்த்துத்தான் உள்ளே விட்டாள். சற்று முன் உள்ளே போன ஜப்பான்காரர்களைப் பார்த்தும் அப்படித்தான் பெருமூச்சு விட்டிருந்தாள்.

ருக்குமணி உள்ளே போனதும் பழக்கதோஷம் தலைகாட்டியது. சுவரைத் தட்டிப் பார்த்தாள். சமையல்கட்டு எந்த மூலை என்று விசாரித்தாள். தென்கிழக்கு என்றதும் "அதானே" என்றாள். பரணில் நூலாம்படை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். மற்றவர்கள் கேடயத்தையும் ஈட்டியையும் படமெடுத்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் "வீட்டுல பெரியவங்க யாரு?" என்று கேட்டாள். மேல்மாடியில் ஒரு ஜன்னல் கதவு மெல்லத் திறந்து அவளைப் பார்த்தது.

இதோடு போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் பேருந்து ஓட்டுநர் இறங்கி வந்து, சட்டப்படி தான் ஓய்வெடுக்க வேண்டிய நேரம் இது என்று சொல்லி, இருக்கையைச் சாய்த்துப் படுத்துவிட்டார். அந்த நாட்டில் ஓட்டுநரின் தூக்கத்தை ராஜாவாலும் கலைக்க முடியாது. வெளியே தூறல் வேறு. சரி, சாப்பிட்டுவிடலாம் என்று கோட்டை முற்றத்துத் தாழ்வாரத்தில் எல்லோரும் பந்தியாக உட்கார்ந்தார்கள். ருக்குமணி கூடையைப் பிரித்தாள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, நார்த்தங்காய் ஊறுகாய்.

வெள்ளைக்காரர்கள் கோட்டைக்குள் சாப்பிடாமல் இல்லை. ரொட்டிக்குள் எதையாவது வைத்துக் கடித்துவிட்டு, காகிதத்தில் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ருக்குமணிக்கு அதெல்லாம் ஆகாது. காகிதத்தில் துடைத்த கையை அவள் எச்சில் கை என்றுதான் சொல்வாள். முற்றத்துக் கிணற்றில் சங்கிலி போட்ட வாளி ஒன்று கிடந்தது. தண்ணீர் சேந்தி முதலில் தம்பிக்கு ஊற்றினாள், பிறகு தானும் கழுவிக்கொண்டாள். எண்ணூறு வருஷத்தில் எல்ஸ்மூண்டில் யாரும் செய்யாத காரியம் அது.

சம்பந்தம் பேசப் போன வீட்டில் பேச்சு முடியுமுன் கை நனைக்கக் கூடாது. நனைத்தால் நிச்சயம் ஆன மாதிரி. கோபியிலும் அப்படித்தான், எல்ஸ்மூண்டிலும் அப்படித்தான். நல்ல முறைகளுக்கு ஊர் வித்தியாசம் கிடையாது. ருக்குமணிக்கு இது தெரியாதா? இதற்குப் பயந்து எத்தனை வீடுகளிலிருந்து பசியோடு திரும்பியிருக்கிறாள். இன்றைக்குத்தான் கோட்டையைச் சத்திரம் என்று நினைத்து ஏமாந்துவிட்டாள்.

முதலில் சுவர்கள் சிவந்தன. அஸ்திவாரத்தில் தொடங்கிய சிவப்பு மளமளவென்று கோபுர உச்சிவரை ஏறியது. எல்லா ஜன்னல்களும் படபடவென்று சாத்திக்கொண்டன. பிறகு ஒன்றே ஒன்று மட்டும் விரலளவு திறந்தது. கிளாரா அம்மாள் டிக்கெட் கூண்டைப் பூட்டிவிட்டு, தலையை ஒதுக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். பெண் வீட்டார் பேசினால் எந்த மொழியும் புரிந்துவிடும்.

"கை நனைச்சுட்டீங்க" என்றாள்.

"சோறு எங்களதுங்க" என்றாள் ருக்குமணி.

"தண்ணி எங்க பொண்ணோடது."

ஜெரால்டு தலையில் கை வைத்துக்கொண்டான். குரூப்பில் மீதிப் பேர் எல்லாம் ஜோடி ஜோடியாக வந்தவர்கள். கல்யாணமாகாத ஆண் வெள்ளியங்கிரி ஒருவன்தான். ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடி அவன் அந்த ஒற்றை ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்புறம் காரியங்கள் வேகமாக நடந்தன. முதலில் வந்தவர்கள் என்ற முறையில் ஜப்பான்காரர்கள் பெண் வீட்டார் ஆனார்கள். நம் ஆட்கள் மாப்பிள்ளை வீட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஆனதும் மனிதர்களுக்கு எங்கிருந்துதான் அந்த மிடுக்கு வருமோ! அதுவரை கழிப்பறை எங்கே என்று கூசிக் கூசிக் கேட்டவர்கள், காப்பியில் சக்கரை போதாது என்றார்கள். ஒருவர் மின்விசிறி இல்லையா என்று கேட்டார். ஜப்பான்காரர் ஒருவர் எழுந்து நின்று தன் தொப்பியால் அவருக்கு விசிறினார்.

பேச்சு வார்த்தைக்குப் பெரியவர் வேண்டுமே. எதிர்க்குன்றிலிருந்து மடாலயம் புறப்பட்டது. வயசான கட்டடம், அவசரப்படாமல் இறங்கி, ஆற்றைத் தாண்டி, இந்தக் குன்றில் ஏறியது. உள்ளே ஜெபத்தில் இருந்த துறவிகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியிருந்தார்கள். ஒருவருக்கு வண்டிப் பயணம் ஒத்துக்கொள்ளாது போல, முகம் வெளுத்திருந்தது. அவருக்கு ருக்குமணி ஒரு துண்டு நார்த்தங்காய் கொடுத்து அனுப்பினாள். மடாலயம் வாசலுக்கு வெளியே அமர்ந்து, மணிக்கூண்டை மட்டும் மதிலுக்கு மேலாக உள்ளே நீட்டிக்கொண்டது.

"பெண்ணுக்கு என்ன வயசுங்க?" என்று ஜெரால்டு தொடங்கினான். இந்தத் தொழிலில் அவன் எல்லா வேலையும் பார்க்க வேண்டியதுதான்.

"அறுநூறுன்னு வச்சுக்கோங்க" என்றாள் கிளாரா அம்மாள்.

வாசல் நிலைக்கல்லில் வருஷம் வெட்டியிருந்ததை ருக்குமணி வரும்போதே பார்த்திருந்தாள். எண்ணூறுக்குக் குறையாது. ஆனாலும் பெண்ணின் வயசில் நாலு குறைத்துச் சொல்வது எங்கும் உள்ளதுதான், இவளும் தம்பிக்கு முப்பத்தெட்டு என்றாள்.

"முன்னாடி எதாச்சும் பேசி நின்னு போயிருக்குதுங்களா?"

கிளாரா அம்மாள் கொஞ்சம் தயங்கினாள். "ஒரு ராஜா வந்தாரு. படையோட. வாசல்ல கூடாரம் போட்டுக் குளிர்காலம் முச்சூடும் இருந்தாரு. நாங்க கதவைத் திறக்கவே இல்லை. கடைசியில அவரே திரும்பிப் போயிட்டாரு."

"அப்படியா!" என்றாள் ருக்குமணி. அவளுக்குப் பெண்ணின் மேல் மதிப்புக் கூடிவிட்டது. வைராக்கியமுள்ள பெண் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறது?

இப்போது மடாலயத்தின் முறை. மணி ஒருமுறை ஆடி நின்றது. "மாப்பிள்ளை என்ன செய்கிறார்?"

ருக்குமணி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "தென்னந்தோப்புங்க" என்றாள்.

மௌனம் வந்தது. அதே மௌனம். பவானியில் கேட்டது, அந்தியூரில் கேட்டது, இத்தனை கடல் தாண்டி இங்கேயும் வந்து உட்கார்ந்துவிட்டது. நம் ஆட்கள் மிடுக்கைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார்கள். தம்பியின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. இதற்குத்தானா இவனை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தேன் என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"சொல்லி அனுப்புகிறோம்" என்று மடாலயம் சொல்ல வாயெடுத்தது. "சொல்லி" வரைக்கும் வந்தும்விட்டது. அதற்குள் வடக்குக் கோபுரத்து வாசலில் தூக்கி வைத்திருந்த பாலம் தொப்பென்று கீழே இறங்கியது. மடாலயம் பேச்சை நிறுத்திவிட்டது. கிளாரா அம்மாள் முந்தானை இல்லாத குறைக்குத் தன் சால்வையின் ஓரத்தால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பொண்ணு மாப்பிள்ளைகிட்டத் தனியாப் பேசணுமாம்" என்றாள்.

வெள்ளியங்கிரி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வடக்குக் கோபுரத்தின் படிகளில் ஏறிப் போனான். கதவு சாத்திக்கொண்டது. கீழே எல்லோரும் வேறு எதையோ பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். ருக்குமணி மட்டும் வெட்கமில்லாமல் மேலேயே பார்த்தாள். முதல் மாடி ஜன்னல் திறந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதற்கு மேல் ஒன்று. அதற்கு மேல் ஒன்று. அப்புறம் அவள் தம்பி சிரிக்கும் சத்தம் கேட்டது. அது அவன்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அரைக்கால் சட்டை போட்டிருந்த வயசில் கேட்ட சிரிப்பு. எத்தனை வருஷம் எங்கே ஒளித்து வைத்திருந்தானோ என்று அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

இறங்கி வந்தபோது அவன் சட்டையெல்லாம் சுண்ணாம்பு.

"என்னடா சாமி, பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"இத்தனை பேரு வந்து மூலை முடுக்கெல்லாம் பாத்துட்டுப் போறாங்களே, ஏன் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பறதில்லைன்னு கேட்டா, அக்கா." தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"எனக்குச் சம்மதமுங்கக்கா. அவளுக்கும்."

முற்றமே எழுந்து கை தட்டியது. ஜப்பான்காரர்கள் குனிந்து குனிந்து வணங்கினார்கள், நம் ஆட்கள் விடாமல் பதிலுக்குக் குனிந்ததில் ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. துறவிகள் மணியைத் தாறுமாறாக அடித்தார்கள். மடாலயமும் ஒத்துக்கொண்டது. ஆனால் பெண் எங்கே வந்து வாழ்வது என்பதில்தான் முடிச்சு விழுந்தது.

"பெண்ணை அனுப்புவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்றது மடாலயம். "ஆனால் இந்தக் குன்று அவளைக் கைக்குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தது. அவள் போனால் குன்றும் கூடவே வரும்."

ருக்குமணி மனசுக்குள் தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குன்றை எங்கே வைப்பது? கிழக்கே வைத்தால் வாய்க்கால் அடைபடும். வாய்க்கால் அடைபட்டால் கடைமடைக்காரர்கள் மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள். மேற்கே வைத்தால் பக்கத்துக் காட்டு மஞ்சளுக்கு வெயில் விழாது. மஞ்சளுக்கு வெயிலை மறைத்தவளோடு ஊரில் யார் பேசுவார்கள்?

"அப்படியானால் மாப்பிள்ளை இங்கேயே இருக்கட்டும்" என்றது மடாலயம்.

"ஊட்டோட மாப்பிள்ளையா?" ருக்குமணி வெடுக்கென்று எழுந்தாள். "எங்க குடும்பத்துல அந்த வழக்கமே இல்லீங்க. நாலு சனம் என்ன பேசும்?"

நாலு சனத்துக்கு அவள் என்றைக்குமே பயந்தவளில்லை. விஷயம் வேறு. தம்பி இங்கே இருந்துவிட்டால், அந்த ஓட்டு வீட்டுக்குத் திரும்பிப் போகிறவள் அவள் ஒருத்திதான். தட்டைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிடப் போகிறவள் அவள். இத்தனை வருஷமும் அவனுக்காகப் பயந்தேன் என்று நினைத்ததில் பாதிப் பயம் தனக்காகத்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் வெட்கமாக இருந்தது.

"நீயும் இங்கயே இருந்துக்கக்கா" என்றான் வெள்ளியங்கிரி.

"போடா. நாத்தனாரும் கோட்டையும் ஒரே எடத்துல இருந்தா வெளங்குமா? ஒரே மாசத்துல அவ பாலத்தைத் தூக்கிருவா."

அவள் கூட்டத்தை விட்டு விலகி, தெற்கு மதிலோரம் போய் நின்றாள். தூறல் நின்றபாடில்லை. யோசனையில் சுவரில் கை வைத்தாள். அந்தக் குளிரிலும் கல் வெதுவெதுப்பாக இருந்தது. எண்ணூறு வருஷமாக ஒருவர் விடாமல் வந்து பார்த்துவிட்டுப் போன பெண். தான் "வேண்டாம்" என்றால், பார்த்துவிட்டுப் போனவர்கள் கணக்கில் தானும் ஒருத்தி ஆகிவிடுவாள். ருக்குமணி அந்த வரிசையில் நிற்கத் தயாராக இல்லை.

"இந்தா பாரு கண்ணு" என்றாள் சுவரிடம், தாழ்ந்த குரலில். "அவனுக்குத் தயிரு புளிச்சிருந்தா எறங்காது. மழையில நனைஞ்சா தலை தொவட்டிக்கவே மாட்டான், நீதான் சொல்லோணும். கோவம் வந்தா பேச மாட்டான். அதுக்கு நீயும் பேசாம இருந்துராத. ரெண்டு நாளுல அவனா வருவான்."

சுவர் கேட்டுக்கொண்டிருந்தது.

"காத்தால அவனா எந்திரிக்க மாட்டான். எழுப்பி உடோணும்."

வடக்குக் கோபுரத்தில் ஒரு மணி சன்னமாக அடித்தது. அவ்வளவு போதும் என்று ருக்குமணிக்குப் பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்குத் திரும்பினாள்.

"ஊட்டோட மாப்பிள்ளைன்னா ஊட்டோட மாப்பிள்ளை. ஆவறதைப் பாருங்க" என்றாள்.

ஆவதைப் பார்த்தார்கள். துறவிகள் உள்ளிருந்து ஆப்பிள், திராட்சை என்று தட்டுத் தட்டாகக் கொண்டுவந்தார்கள். வெற்றிலை பாக்கு, ஜெரால்டின் கைப்பையில் இருந்தது. அவன் அது இல்லாமல் எந்த நாட்டுக்கும் போவதில்லை. தட்டு மாற்றிக்கொண்டபோது கோட்டையின் நான்கு கோபுரங்களும் லேசாகத் தலை குனிந்தன. அதில் ஒன்றில் இருந்த புறாக்கள் நழுவி விழுந்து, பிறகு பறந்தன. ஜப்பான்காரர்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துப் படமெடுத்தார்கள். படத்தில் மடாலயம் கண்ணை மூடிவிட்டது என்று இன்னொன்று எடுத்தார்கள்.

ஓட்டுநர் தூங்கி எழுந்து ஹாரன் அடித்தார். ருக்குமணி தம்பியின் சட்டையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள். அவன் அவள் காலில் விழப்போக, "எந்திரிடா, சேறு" என்று தூக்கிவிட்டாள். அவள் பேருந்தில் ஏறி, இரண்டு பேர் இருக்கையில் ஒருத்தியாக உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தில் காலிக் கூடையை வைத்துப் பார்த்தாள். அது நிறைக்கவில்லை.

பேருந்து மலை இறங்கும்போது போன் அடித்தது. தோப்புக்குத் தண்ணீர் விடச் சொல்லி விட்டுவந்த பக்கத்துக் காட்டுச் சென்னியப்பன்.

"அக்கா, தம்பிக்கு நிச்சயம் ஆயிருச்சுங்களாமா?"

"ஆச்சு. உனக்கு ஆரு சொன்னது?"

"தோப்பு கெளம்பிருச்சுங்களே. மாப்பிள்ளை ஊட்டு சனம் கல்யாணத்துக்குப் போகாம இருக்க முடியுங்களா? மத்தியானமே மரமெல்லாம் வேரை ஒதறிட்டு வரிசையாப் பொறப்பட்டுருச்சுங்க. இப்பத்தான் சத்தியிலிருந்து என்ற மச்சான் பேசுனான். திம்பம் மலை ஏறிட்டு இருக்குதுங்களாம். கொண்டை ஊசி வளைவுல லாரிக்கெல்லாம் ஒதுங்கி வழி உட்டுத்தான் போகுதாம். போற வழியில பண்ணாரிலகூட நின்னு கும்பிட்டுட்டுத்தான் போச்சாம்."

"தென்னங்கன்னுகளை?"

"பெரிய மரமெல்லாம் நடுவுல உட்டுக் கூட்டிட்டுப் போகுதுங்க."

ருக்குமணி வெளியே பார்த்தாள். அத்தனை மரமும் போய்விட்ட இடம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். "அப்ப அங்க ஒண்ணுமே இல்லையா, சென்னியப்பா?"

"கெணத்தோரத்து மோட்டார் ரூம்பு மட்டும் போகலீங்க. மரமெல்லாம் எவ்வளவோ கூப்புட்டும் மாட்டேன்னு நின்னுக்கிச்சு. அக்கா ஊருக்கு வந்தா தனியா இருப்பாங்களேன்னு சொல்லிருச்சுங்களாம். இப்ப மெதுவா நவுந்து நவுந்து உங்க ஊட்டு வாசல்ல வந்து உக்காந்துருக்குது."

ருக்குமணி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"சென்னியப்பா, பொழுது எறங்கறதுக்கு முன்னால அந்த ரூம்புல ஒரு லைட்டைப் போட்டு வையி. நான் வர்ற வரைக்கும் ராத்திரியில தனியா இருந்தா பயந்துக்கும்."